மொய் நோட்டில் தேட வேண்டியவர்கள்

நெய்வேலிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரம் பக்கத்து ஊர்களில் நில எடுப்பு என்றால் முதலில் வந்து நிற்பது கணக்கு. எத்தனை சென்ட், நஞ்சையா புஞ்சையா, போர் எத்தனை அடி, முந்திரி எத்தனை மரம், புளி எத்தனை, வீடு ஓடா மெத்தையா என்று ஒவ்வொன்றும் எழுதப்படும். நிலத்தோடு மரத்துக்கும் கட்டடத்துக்கும் நிற்கிற பயிருக்கும் சேர்த்து விலை போட வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம். மேலே இருந்ததெல்லாம் இப்படித் தாளுக்குப் போன பிறகுதான் மண்ணைப் பெயர்ப்பார்கள். கீழே இருந்ததன் வரலாறும் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தென்பட்ட கரிய மண், 1956இல் பதிவான நிறுவனம், 1957 மே 20இல் நேரு தொடங்கிவைத்த சுரங்கம், 1961இல் முதன்முதலாக வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி என்று தேதி தேதியாகச் சொல்லலாம். இதற்காக இடம்பெயர்ந்த ஊர்களைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. நெய்வேலி என்பதே அப்படிப் போன ஒரு சிற்றூரின் பெயர்தான். அந்த ஊர்களில் கல்யாணம் கட்டிக்கொள்ளாமலோ, கட்டியதை விட்டுவிட்டு வந்தோ, இன்னொரு பெண்ணோடு காலத்தைக் கழித்த பெண்கள் இருந்திருந்தால் அவர்களை எழுதிவைக்க எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது. இப்படிப்பட்ட வரலாற்றைத் திரட்ட வேண்டும், அதையும் இந்த வட்டாரத்து மக்களே திரட்ட வேண்டும், ஊர் இடம் மாறுவதற்கு முன்பே திரட்ட வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

பால் அடையாளம் பற்றிய பழைய நினைவு எதுவும் இந்த வட்டாரத்தில் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. விருத்தாசலத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டைப் பக்கம் போனால் கூவாகம். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கைகள், பாரதப் போருக்காகக் களப்பலியான அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் தேர் அழிகளம் போய்ச் சேர்ந்ததும் அதே தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை கட்டி அழுகிறார்கள். அரவான் களப்பலி தமிழில் புதிய கதை இல்லை. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது இருக்கிறது. பழைய தென்னார்க்காட்டின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படித்துக் கூத்து நடத்தும்போது களப்பலி இரவு தவறாமல் வரும். திரௌபதி வழிபாட்டைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபெய்டல் கூவாகத்தில் இன்னொன்றையும் கவனித்து எழுதினார். தாலி கட்டிக்கொள்கிறவர்கள் திருநங்கைகள் மட்டுமில்லை. சுற்றுவட்டார ஊர்களிலிருந்து வேண்டுதலுக்காக வரும் ஆண்களும் சிறுவர்களும் அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு வாழும் விவசாயி ஒருவர் ஓர் இரவுக்குத் தெய்வத்தின் மனைவியாகிறார், மறுநாள் ஊர் திரும்பி ஏர் பூட்டுகிறார். பால் என்பது அசையாக் கல் என்று இந்த மண் ஒருபோதும் நினைத்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆனால் திருவிழா சடங்கைத்தான் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 1950இல் கூவாகத்தில் தாலி அறுத்தவர்கள் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார்கள், எங்கே தங்கினார்கள், வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்கள் என்பதைத் தேர் சொல்லாது. ஆண்டுதோறும் அரவானின் பெயர் சொல்லப்படுகிறது, அவனுக்காக அழுதவர்களின் பெயர் சொல்லப்படுவதில்லை. அந்தப் பெயர்கள் தமிழில் வரத் தொடங்கியது திருநங்கைகள் தாங்களே எழுத உட்கார்ந்த பிறகுதான். அ. ரேவதியின் ‘உணர்வும் உருவமும்’, லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ போன்ற நூல்கள் 2000களில் வந்தன. பிரியா பாபு எழுதியதோடு நிற்காமல் மதுரையில் திருநங்கையர் ஆவண மையத்தையும் ஏற்படுத்தினார். சொல்லும் கூடவே மாறியது. ‘அலி’ என்ற வசை ஒதுங்கி ‘அரவாணி’ வந்தது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்தபோது அந்தப் பெயரில்தான் அமைத்தது. பிறகு ‘திருநங்கை’ நிலைத்தது. கோயிலில் பல தலைமுறைகளாகக் கண்முன் நின்ற ஒரு கூட்டத்துக்கே வரலாறு தானாக வந்து சேரவில்லை, யாரோ மெனக்கெட்டுச் சேர்த்ததால் வந்தது என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். பெண்ணை நேசித்த பெண்ணுக்குக் கூவாகமும் கிடையாது. அவளுக்காகக் கூடும் பௌர்ணமி எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்பதற்குச் சட்டத்திடம் ஒரு பதில் இருக்கிறது. 1860இல் இயற்றப்பட்டு 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு, ‘இயற்கைக்கு மாறான’ உறவை ஆணுடலை மனத்தில் வைத்தே வரையறுத்தது. ஆண்கள் மேல் வழக்குப் போட்டது, மிரட்டியது, பணம் பிடுங்கியது, அந்த வகையில் கோப்புகளையும் விட்டுச்சென்றது. பெண்கள் பெரும்பாலும் அதற்குள் வரவில்லை. இது சலுகை இல்லை. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் நடுவே உறவென்று ஒன்று இருக்கக்கூடும் என்பதையே சட்டம் ஏற்கவில்லை. (இலங்கையில் நடந்தது வேறு. அங்கே 1995இல் 365அ பிரிவைத் திருத்தியபோது ‘ஆண்’ என்றிருந்ததை ‘நபர்’ என்று மாற்றினார்கள். விடுதலைக்கான திருத்தத்தை எதிர்பார்த்திருந்தவர்கள் நடுவே பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள்.) இங்கே பெண்களைத் தண்டிக்கும் வேலையை அரசு வீட்டிடம் விட்டுவிட்டது. வீடு ஆவணம் எழுதுவதில்லை. அடிக்கும், பூட்டிவைக்கும், அவசரமாகக் கட்டிக்கொடுக்கும், அப்புறம் அதைப் பற்றிப் பேசாமலிருக்கும்.

அதனால் பெண்கள் தமிழ்நாட்டு ஆவணங்களுக்குள் நுழைந்தது இரண்டே கதவுகள் வழியாக. முதல் கதவு காவல் நிலையம்: ‘மகளைக் காணவில்லை’, ‘ஆள் கடத்தல்’, ஆட்கொணர்வு மனு. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து சேர்ந்த இரண்டு பெண்களின் பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுத்தார்கள். அந்தப் பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். 2021 ஜூன் 7இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் காவல் துறையின் தொந்தரவுக்குத் தடை போட்டு, பாலீர்ப்பை ‘மாற்றுகிறேன்’ என்று செய்யப்படும் சிகிச்சைகளையும் விலக்கினார். தமக்கே இந்த விஷயம் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு உளவியலாளரிடம் அமர்ந்து கற்றுக்கொண்ட பிறகு அவர் எழுதிய உத்தரவு அது. 2025 மே மாதத்தில் பிறந்த வீட்டார் பிடித்துவைத்திருந்த 25 வயதுப் பெண்ணை அதே நீதிமன்றம் விடுவித்து, கல்யாணம் மட்டுமே குடும்பத்துக்கு வழியில்லை, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றது. இரண்டும் நல்ல தீர்ப்புகள். ஆனால் இரண்டும் நம் கைக்கு வந்தது வீட்டுக்குள் வன்முறை நிகழ்ந்ததால்தான். இரண்டாவது கதவு இதைவிடக் கொடியது, சாவுச் செய்தி. 2008 மே மாதம் சென்னையில் உயிரை மாய்த்துக்கொண்ட இரண்டு பெண்களைத் தமிழ்நாடு அறிந்தது அவர்கள் இல்லாமல் போன மறுநாள். கேரளத்தில் இப்படிப்பட்ட செய்தித் துணுக்குகளைத் தேடிச் சேர்ப்பதை ‘சகயாத்திரிகா’ என்ற அமைப்பு தன் தொடக்கப் பணிகளில் ஒன்றாக எடுத்துக்கொண்டது. வேறெந்த ஏட்டிலும் இல்லாத பெண்கள் பிரேதப் பரிசோதனைச் செய்தியில் இருந்தார்கள். இந்த இரண்டு கதவுகளையும் வைத்து வரலாறு எழுதினால் பெண்களின் காதல் என்பதே ஓட்டமும் சாவும்தான் என்றாகிவிடும். ஓடாமல், சாகாமல், நாற்பது வருடம் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அதில் வரவே மாட்டார்கள்.

விருத்தாசலம் பகுதியில் இதைப் பேசும்போது சாதியைத் தள்ளிவைத்துவிட்டுப் பேச முடியாது. 2003 ஜூலையில் புதுக்கூரைப்பேட்டையைச் சேர்ந்த முருகேசனும் கண்ணகியும் சாதி மறுத்துக் கல்யாணம் செய்துகொண்டதற்காகக் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 செப்டம்பர் ஆனது. உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2025இல். தண்டிக்கப்பட்டவர்களில் காவல் துறையினரும் உண்டு. ஊரார் கண்ணெதிரே நடந்த கொலை, ஆணும் பெண்ணும் செய்துகொண்ட சட்டப்படியான கல்யாணம், விடாமல் வழக்கை நடத்திய ஆட்கள், இவ்வளவும் இருந்தும் உண்மை பதிவேட்டில் ஏறப் பதினெட்டு வருடம் பிடித்தது. சாட்சிக்கு ஆளே வராத, கல்யாணம் என்ற பெயர்கூட இல்லாத இரண்டு பெண்களின் கதை எப்படி ஏறியிருக்கும்? பெண்ணின் உடல் மேல் சாதி வைத்திருக்கும் காவல்தான் இரண்டு கதைகளிலும் நடக்கிறது. ஆகவே இந்த வட்டாரத்தில் பெண்கள் காதலின் வரலாற்றைத் தேடுகிறவர் சேரியையும் ஊரையும் பிரித்துப் பார்க்கக் கற்றிருக்க வேண்டும். எந்தத் தெருவில் இரண்டு பெண்கள் தனியாகக் குடியிருக்க முடிந்தது, எந்தத் தெருவில் முடியவில்லை என்பதே வரலாற்றின் பாதி.

இது மேல்நாட்டுச் சரக்கு, நகரத்துப் பேச்சு, கம்மாபுரத்துக்கு என்ன சம்பந்தம் என்பார்கள். 1998இல் இரண்டு பெண்களின் காதலைச் சொன்ன ‘ஃபயர்’ படம் ஓடிய திரையரங்குகளை உடைத்தவர்கள் சொன்னதும் இதுதான். அதற்குப் பதினோரு வருடம் முன்பே, 1987இல், மத்தியப் பிரதேச ஆயுதப் படையில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் கோயில் முறைப்படி மாலை மாற்றிக்கொண்டார்கள். அவர்களை வேலையை விட்டு அனுப்பிய துறைக்கும் சரி, அவர்களுக்கும் சரி, மேல்நாட்டில் நடந்தவற்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. மாயா சர்மா 2006இல் வெளியிட்ட நூல் வட இந்தியாவின் உழைக்கும் வர்க்கப் பெண்களைத் தேடிப் போய் எழுதியது. அதில் வருகிறவர்கள் பெருநகரத்து ஆங்கிலம் படித்தவர்கள் இல்லை. தமிழுக்குள்ளேயே பார்த்தால், ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கு எந்த வினைமுடிபு வரும் என்று தொல்காப்பியம் விதி சொல்கிறது. சிலப்பதிகாரத்தின் பதினோராடலில் பேடு ஒன்று. இவை பெண் பெண்ணை நேசித்ததற்குச் சான்றாகிவிடாது, அப்படிக் காட்டுவது தவறு. பால் பற்றிய யோசனையைத் தமிழ் கடன் வாங்கவில்லை என்பதற்கு மட்டும் இவை சான்று. வெளியிலிருந்து வந்தது உண்மையில் எது என்றால், அந்த 377தான்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நேர்மையான வரலாற்றாசிரியர் கேட்பது அது. அறுபது வருடத்துக்கு முன் ஒரே வீட்டில் வாழ்ந்த இரண்டு பெண்களை இன்றைய பெயர் சொல்லி அழைக்க நமக்கு என்ன உரிமை? வறுமை சேர்த்திருக்கலாம், பாதுகாப்புக்காகச் சேர்ந்திருக்கலாம், வெறும் சிநேகிதமாகவும் இருந்திருக்கலாம். இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது, அதனாலேயே அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இன்று தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறவர்களுக்கு உரியவை. இறந்தவர் தலையில் அவற்றை ஏற்ற வேண்டாம். நடந்ததை மட்டும் எழுதலாம். ஆனால் நடந்ததை எழுதியே ஆக வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரு வீட்டில் இருந்தார்கள் என்றால் கணவன் மனைவி என்று எழுத நாம் காதலுக்குச் சான்று கேட்பதில்லை. அங்கேயும் வறுமை சேர்த்திருக்கலாம், மாமன் மகள் என்பதற்காகக் கட்டிவைத்திருக்கலாம். இரண்டு பெண்கள் என்றதும் மட்டும் சான்றின் அளவுகோல் திடீரென உயர்ந்துவிடுவது ஏன்? ஊரின் பேச்சுமொழி அவர்களுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள். வாழாவெட்டி, ஒண்டிக்கட்டை, முதிர்கன்னி. மூன்றும் பெண்ணை இல்லாத ஆணை வைத்தே அளக்கின்றன. பக்கத்தில் இருந்த இன்னொருத்தியை மூன்று சொல்லும் காணவில்லை. அந்த இன்னொருத்தியைப் பதிவேட்டில் கொண்டுவருவதுதான் முதல் வேலை, அவர்களுக்குள் இருந்தது என்ன என்று தீர்ப்புச் சொல்வது பிற்பாடு.

எங்கே தேடுவது? பெரிய காப்பகங்களில் இருக்காது. கோட்டையூர் ரோஜா முத்தையா அரிய நூல்களோடு நோட்டீசையும் அழைப்பிதழையும் தூக்கி எறியாமல் சேர்த்துவைத்தார், அவர் மறைவுக்குப் பின் 1994இல் அந்தச் சேகரம் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. குப்பை என்று நினைத்த தாளில்தான் சாதாரண மக்கள் இருக்கிறார்கள் என்று அவர் காட்டிய வழி இங்கே உதவும். என் கணிப்பில் முதல் ஆவணம் மொய் நோட்டு. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் மொய் வீட்டுக் கணக்கில் எழுதப்படுகிறது, ஒரு அடுப்புக்கு ஒரு மொய். இரண்டு பெண்கள் பெயரில் ஒரே மொய் வருடக்கணக்காகத் தொடர்ந்து வந்திருந்தால், ஊர் அவர்களை ஒரு வீடாக எண்ணியிருக்கிறது என்று பொருள். கவர்மெண்ட் கொடுக்காத அங்கீகாரத்தை மொய் எழுதியவர் இரண்டு வரியில் கொடுத்திருப்பார். அடுத்து நிலப் பத்திரம். உறவுமுறை இல்லாத இரண்டு பெண்கள் கூட்டாக வாங்கிய அரை ஏக்கர் புஞ்சை, ஒருத்தி மற்றவளுக்கு எழுதிவைத்த உயில், அதை எதிர்த்து அண்ணன் மகன் போட்ட சிவில் வழக்கு. மகளிர் சுயஉதவிக் குழுவின் தீர்மான நோட்டு, யாருடைய கடனுக்கு யார் பொறுப்பேற்றார் என்ற கையெழுத்து. முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்தில் எப்போதும் ஜோடியாகக் கூலி வாங்கியவர்கள். கடைசியாகச் சாவு. கொள்ளி வைக்க ஆண்பிள்ளையைத் தேடியபோது யாரைக் கூப்பிட்டார்கள், பதினாறாம் நாள் செலவை யார் செய்தார், அழுத இன்னொருத்திக்கு யார் சேலை போட்டார்கள், அல்லது யாரும் போடவில்லையா? துக்கத்தில் ஊர் ஒருத்திக்கு எந்த இடம் கொடுத்தது என்பது ரேஷன் கார்டைவிடத் துல்லியமான சான்று.

பேசாமல் வாழ்ந்துவிட்டுப் போனவர்களை ஏன் கிளற வேண்டும், அவர்கள் மறைவைக் காத்தது அவர்களின் பாதுகாப்பு இல்லையா என்ற கேள்வியை மற்ற எல்லாவற்றையும்விடத் தயங்கியே எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. சிறிய ஊரில் பெயரை மறைத்தாலும் தெருவைச் சொன்னால் போதும், ஆள் தெரிந்துவிடும். அண்ணன் பேரன் அதே தெருவில் பெண் பார்த்துக்கொண்டிருப்பான். ஆவணமாக்கம் என்ற பெயரில் ஒரு குடும்பத்தைச் சந்தியில் நிறுத்துவது வரலாறு ஆகாது. ஆனால் சேகரிப்பதும் வெளியிடுவதும் ஒன்றில்லை. நியூயார்க்கில் 1974இல் ஜோன் நெஸ்லின் வீட்டு அலமாரிகளில் தொடங்கி 1993இல் புரூக்ளினில் சொந்தக் கட்டடம் கண்ட லெஸ்பியன் ஹெர்ஸ்டரி காப்பகம், புகழ்பெற்றவர்களின் தாளை மட்டுமே வாங்குவோம் என்று சொல்லவில்லை. எந்தப் பெண்ணின் கடிதத்துக்கும் புகைப்படத்துக்கும் அங்கே இடம் உண்டு. பெங்களூரில் 2017இல் தொடங்கிய ‘கம்ரா’ காப்பகம் இப்போது தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் எதை யார் எப்போது பார்க்கலாம் என்று கொடுக்கிறவர் நிபந்தனை வைப்பது காப்பகத் தொழிலில் பழகிய முறை. பேச்சைப் பதிவுசெய்து, பெயரை எடுத்துவிட்டு, இருபது முப்பது வருடம் முத்திரையிட்டு வைக்கலாம். மறைத்து வாழ்ந்தவர்கள் எல்லாரும் மறக்கப்படவும் விரும்பினார்கள் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? அதைச் சொல்லும் உரிமையும் அவர்களுக்குத்தான் உண்டு, உயிரோடு இருப்பவர்களிடம் கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு குரல் இந்த வட்டாரத்துக்கே உரியது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெல்லுக்குள் சுரங்க நிறுவனத்தின் பரவனாற்று வாய்க்காலுக்காக மண்வெட்டி எந்திரங்கள் இறங்கின. நிலத்தடி நீர் இறங்குகிறது, நிலம் கொடுத்தவர்கள் வேலை கேட்டுப் போராடுகிறார்கள், இந்த நேரத்தில் இதுவா முக்கியம்? முக்கியத்துவத்தைப் போட்டியாக வைத்தால் தோற்கிறவர் எப்போதும் ஒரே ஆள்தான். உண்மையில் இது அதே போராட்டத்தின் விடுபட்ட பக்கம். இழப்பீடும் வேலையும் பட்டாவைப் பின்தொடர்கின்றன, பட்டா பெரும்பாலும் குடும்பத் தலைவரான ஆணைப் பின்தொடர்கிறது. பட்டா தன் பெயரில் இல்லாத, சொந்தக்காரி என்ற உறவும் இல்லாத ஒரு பெண், தோழி இறந்த பிறகு அந்த வீட்டில் யார்? மறுகுடியமர்வு மனையில் அவளுக்குப் பங்கு உண்டா? குடும்பம் என்றால் என்ன என்பதை உயர் நீதிமன்றத்தின் 2025 தீர்ப்பு விரித்துப் பார்த்தது. நிலக் கணக்கு இன்னும் விரிக்கவில்லை. நிலம் இழந்தவர்களின் பட்டியலைச் சரியாகப் போட வேண்டும் என்று கேட்கிறவர்கள் இந்தப் பெண்களையும் கேட்டே தீர வேண்டும்.

கொண்டாட்டம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சென்னையில் 2009 முதல் ஜூன் மாதத்தில் வானவில் பேரணி நடக்கிறது. மதுரையில் 2012இல் நடந்தது. இரண்டும் தேவையான துணிச்சல். ஆனால் கொடி பிடிக்க ஆள் இருந்து, யாருக்காகப் பிடிக்கிறோம் என்ற பெயர்கள் இல்லாவிட்டால் அது கூவாகத்துத் தேர் மாதிரியே ஆகிவிடும், அழகாகப் போகும், ஆளை ஏற்றிக்கொள்ளாது. கம்மாபுரத்தில் முதலில் வேண்டியது பேரணி இல்லை, நேரம். 1957இல் பத்து வயதாயிருந்தவளுக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. பழைய ஊரின் குளக்கரையும் களத்துமேடும் அவள் தலைக்குள் மட்டுமே மிச்சம். அவளிடம் போய் உட்காரப் பல்கலைக்கழகத்து ஆள் வர வேண்டியதில்லை, அதே தெருவின் சுயஉதவிக் குழுப் பெண் போதும். போகிறவர் ‘உங்களுக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு ஆயா?’ என்று ஆரம்பித்தால் பதில் அதே பழைய தடத்தில் ஓடிவிடும். ‘பழைய ஊருல யாரு கூடத் தண்ணிக்குப் போவீங்க?’ என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை பேசாமல் இருக்க வேண்டும்.